கரையுலாவைக் கெடுத்த மழை

கப்பற்பயணத் தொழிலில் ‘ஷோர் எக்ஸ்கர்ஷன்’ என வழங்கப்படுவதைத் தமிழில் கரையுலா எனலாம். இரவெல்லாம் ஓடிய கப்பல் விடியலில் ஒரு தீவருகே நிற்கிறது. பயணிகள் காலையில் இறங்கிக் குறித்த சில இடங்களைக் காண்கின்றனர். மாலை மங்குமுன் மீண்டும் கப்பலேறுகின்றனர். தமிழில் கரையேறுதல் என்னும் சொல்லுக்கு இதனினும் கனத்த பொருள்கள் உண்டு. துன்பத்தினின்று மீள்வது கரையேறுதல். மகளுக்கு ஒரு நல்வாழ்வு அமைத்துத் தருவது கரையேற்றுதல். கரையுலாவில் அத்தகைய மீட்பு ஏதுமில்லை. அது ஏழெட்டு மணி நேர நிகழ்ச்சிநிரல். அந்த ஏழெட்டு மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், ‘இன்றைய நாள் வீணாயிற்று’ என்று பயணி தன் கணக்கை முடித்துக்கொள்கிறார். அதே பகலில் தீவின் கணக்கில் வரவாகச் சேர்ந்தது என்ன என்பதை எவரும் அவருக்குச் சொல்வதில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் உள்ள கல்விப்புலமும் அதைப் பெரிதாகக் கேட்டுக்கொண்டதில்லை.

இந்தியக் குடிமக்களுக்கு எளிதில் வாய்க்கக்கூடிய ‘தொலைதூர வெப்பமண்டலத் தீவு’ லட்சத்தீவு. கொச்சியிலிருந்து புறப்படும் அரசுக் கப்பலில் ‘சமுத்ரம்’ என்னும் பெயரில் நெடுங்காலமாக நடந்துவரும் சுற்றுலா கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்று தீவுகளைத் தொட்டுத் திரும்புவது. இரவில் கடல், பகலில் கரை என்பது அதன் அமைப்பு. 2021 முதல் மும்பையிலிருந்து தனியார் சொகுசுக் கப்பலும் இக்கடலுக்கு வரத் தொடங்கியது. 2024 ஜனவரியில் பிரதமரின் லட்சத்தீவுப் படங்கள் பரவிய பிறகு ஆர்வம் பன்மடங்கு பெருகியது. அப்படங்களிலும், அவற்றுக்கு முன்னும் பின்னும் வந்த விளம்பரங்கள் அனைத்திலும், வானம் நீலமாகவே இருக்கிறது. ஒரு துளி மழையேனும் விழும் லட்சத்தீவுச் சுவரொட்டியைத் தேடிப் பிடிப்பது அரிது.

இத்தீவுகளுள் மினிக்காய் தனித்தது. ஒன்பது டிகிரிக் கால்வாய் அதனை ஏனைய லட்சத்தீவுகளினின்று பிரிக்கிறது. எட்டு டிகிரிக் கால்வாய் மாலத்தீவினின்று பிரிக்கிறது. கொச்சியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பிற தீவுகளில் மலையாளத்தின் கிளையான ஜெசரி பேசப்பட, இங்கு மட்டும் பேச்சுமொழி திவேகி. மாலத்தீவின் மொழியும் அதுவே. சிங்களத்துக்கு நெருங்கிய உறவு. இந்தோ-ஆரிய மொழிகளுள் தென்கோடியில் நிற்பது. இந்தியாவில் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரே ஊர் இத்தீவு. அரசு ஏடுகள் அதற்கு ‘மஹல்’ என்று பெயரிட்டிருக்கின்றன. தீவினர் தம் தீவை மலிக்கு என்பர். 1956-ல் ஒன்றியப் பகுதி உருவானபோது அதன் பெயரில் லக்கதீவு, மினிக்காய், அமினிதீவு என மூன்று சொற்கள் இருந்தன. 1973-ல் அது ‘லட்சத்தீவு’ எனச் சுருங்கியபோது மினிக்காய் பெயரிலிருந்து மறைந்தது. சென்னை மாகாணத்தோடு இத்தீவுகள் சேர்ந்திருந்தன என்பதும் இன்று பலர் நினைவில் இல்லை.

மலிக்குவில் கரையுலா பொதுவாக எவற்றைக் காட்டும் என்பது பயணக் கையேடுகளைப் படித்தோர் அறிந்ததே: 1885-ல் ஆங்கிலேயர் எழுப்பிய கலங்கரை விளக்கம், 1969-ல் தொடங்கிய சூரைமீன் பதனிடும் ஆலை, ஓர் ஊரின் பொது வீடு, இளநீர், லாவா நடனம், காயலில் நீந்தலும் படகும். மார்க்கோ போலோ குறித்த ‘பெண்கள் தீவு’ இதுவே என்றொரு கதையும் இடையில் சொல்லப்படுவதுண்டு. ஆடவர் உலகக் கப்பல்களில் மாலுமிகளாகத் திரிய, ஊரின் அன்றாடத்தைப் பெண்கள் நடத்திய சமூகத்தைக் கண்டு வியந்தவர்கள் ஒட்டவைத்த கதையாக அது இருக்கக்கூடும். பிறர் கப்பல்களை ஓட்டி வாழ்ந்த ஊர், பிறர் கப்பலில் வந்து இறங்கிப் பார்க்கும் பொருளாகியிருப்பது ஒரு முரண்; ஆனால் அது இங்குப் பேசுபொருளன்று.

மழை வந்தால் இந்நிரலில் முதலில் உதிர்வது காயல். பவளத்திட்டுக்குள் அடங்கிய அந்த நீர்ப்பரப்பின் நிறமே விளம்பரத்தின் மூலதனம். மேகம் மூடியதும் அது ஈயநிறமாகிவிடுகிறது. கண்ணாடியடிப் படகில் ஒன்றும் தெரியாது. அலை கூடினால் கப்பலுக்கும் கரைக்கும் இடையே மனிதரைக் கொண்டுவரும் படகே ஆடத் தொடங்கும். முதியோரைக் கைபிடித்து இறக்கும் தீவு இளைஞர்களின் வேலை இரட்டிக்கும். பின்னர் எஞ்சுவது கூரை. தென்னங்கீற்றுப் பந்தலோ தகரக் கொட்டகையோ ஏதேனும் ஒன்றின் கீழ் நூற்றுக்கணக்கானோர் ஈரத் துவாலையோடு அமர்ந்து மழை விடக் காத்திருப்பர். சேர்த்து வைத்த பணத்தையும் அரிதாய்க் கிடைத்த விடுப்பையும் செலவிட்டு வந்த குடும்பத்துக்கு அந்நேரம் ஏமாற்றம் தருவது இயல்பு. அவர்களை நகைப்பது எளிது, அழகன்று. பிழை அவர்களது ஏமாற்றத்தில் இல்லை. அவ்வேமாற்றத்துக்கு வேறு சொல் எதையும் தராத நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது.

அந்தக் கூரையில் விழுந்துகொண்டிருப்பது என்ன?

மலிக்குவில் ஆறு இல்லை, ஓடை இல்லை, மலை இல்லை. பவளம் பொடிந்த மணலால் ஆன, கடல்மட்டத்துக்குச் சற்றே மேலெழுந்த ஒரு மெல்லிய பிறைவடிவ நிலம். பெய்யும் மழை அம்மணலின் துளைகள் வழியே இறங்கி, கீழே ஊடுருவி நிற்கும் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்னும் ஒரே காரணத்தால் அது மிதக்கிறது. வேறு தாங்குபாறை எதுவும் அடியில் இல்லை. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருக்கும் அந்த நீர்த்தொகுதியை நிலநீரியலார் ‘நன்னீர் வில்லை’ என்பர். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு நன்னீர் நின்றால் கீழே நாற்பது பங்கு நிற்கும் என்பது கிபென்–ஹெர்ஸ்பெர்க் விதி. ஏட்டளவில் வியப்பூட்டும் விகிதம். ஆனால் மேலே நிற்பது சில கையகல உயரமே என்பதால் கீழே உள்ளதும் சில மீட்டர்தான். விதி மறுபுறமும் செயற்படும்: மேலே ஒரு பங்கு குறைந்தால் கீழே நாற்பது பங்கு உப்பு ஏறும். கிணற்றில் வாளி இட்டு இறைத்த காலத்தில் வில்லை தாங்கியது. மின்னேற்றி வைத்து ஓரிடத்தில் விரைந்து உறிஞ்சினால் அடியிலிருந்து உப்புநீர் கூம்பாக மேலெழுகிறது. கடலோத ஏற்றவற்றத்தோடு தீவுக் கிணறுகளின் மட்டமும் ஏறி இறங்கும். அக்கிணறுகள் தரைக்குள் இருப்பினும் கடலின்மேல் மிதப்பவையே.

இனி ஒரு சிறு கணக்கு. மலிக்குவின் பரப்பு ஏறத்தாழ 4.4 சதுர கிலோமீட்டர். ஒரு பகலில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால், அதாவது கரையுலாவை முற்றாகக் கெடுக்கப் போதுமான மழை பெய்தால், தீவின்மேல் விழும் நீர் 22 கோடி லிட்டர். சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், கடலின் மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டைக் கொண்டு குடிநீர் வடிக்கும் நிலையத்தை 2005-ல் கவரத்தியிலும் 2011-ல் மினிக்காயிலும் அமைத்தது. பாராட்டத்தக்க பொறியியல் அது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். 2011 கணக்கெடுப்பின்படி தீவின் மக்கள்தொகை 10,447. பகிர்ந்தால் ஒருவருக்குப் பத்து லிட்டருக்கும் குறைவு. குடிக்கவும் சமைக்கவும் போதும். குளிக்கவும் துவைக்கவும் கிணறுதான். பயணியின் ஒரு பகலை வீணாக்கிய மழையின் அளவை அந்நிலையம் உற்பத்தி செய்ய 2,200 நாள்கள், அதாவது ஆறு ஆண்டுகள், வேண்டும். விழுந்தது அனைத்தும் வில்லையில் சேராது. ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி தென்னை குடிக்கும், ஒரு பகுதி ஓரத்தில் கசிந்து கடலுக்கே திரும்பும். மூன்றில் ஒன்று மட்டுமே தங்கியதாகக் கொண்டாலும் அது இரண்டு ஆண்டு உற்பத்தி.

இக்கணக்கைக் கரையுலாவின் வழிகாட்டி சொல்லலாம். இரண்டு நிமிடம் போதும். கொட்டகையின் கூரைநீர் எந்தக் குழாய்வழி எந்தத் தொட்டிக்குச் செல்கிறது என்று காட்டலாம். ஆயினும் நிரலில் அதற்கு இடமில்லை. நிரலை எழுதுவோர் மழையை ஒரு ‘தடங்கல்’ என்றே முன்கூட்டி வகுத்துவிட்டனர். தடங்கலுக்கு ஈடாகத் தேநீரும் பக்கோடாவும் போதும் என்பது அவர்கள் தீர்ப்பு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும் கூட. தீவினர்க்கும் எல்லா மழையும் வாழ்த்தன்று. மலிக்குவின் பொருளியல் சூரைமீன்மேல் நிற்கிறது. தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகப் பிடித்து, அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தினால் மாஸ்மின். தமிழ்நாட்டின் தென்கடலோரமும் ஈழமும் சம்பலில் இடித்துச் சேர்க்கும் மாசிக் கருவாடு இதுவே. திவேகியில் ‘மஸ்’ என்றால் மீன். உலர்த்தும் நாளில் மழை வந்தால் அது நட்டம்தான். தென்மேற்குப் பருவம் முற்றிய மாதங்களில் படகுகள் கரையேற்றப்பட்டுக் கிடக்கும். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை சரக்குப் பாய்மரங்களின் வரவு நிற்கும் வழக்கம் பழையது. 2017 டிசம்பர்த் தொடக்கத்தில் ஒக்கிப் புயல் மினிக்காய்க்கு அருகே கடந்தபோது தீவு பட்டது சிறிதன்று. அந்நாள்களில் குமரி மாவட்ட மீனவர் பலர் லட்சத்தீவுக் கரைகளில் ஒதுங்கி உயிர் பிழைத்தனர். அவர்கள் மழையில் கரையேறியவர்கள், சொல்லின் முழுப்பொருளில்.

ஆகவே ‘தீவினர் மழையை நேசிப்போர், பயணியர் வெறுப்போர்’ என்னும் எளிய எதிரிணை செல்லாது. வேறுபாடு நேசத்திலும் வெறுப்பிலும் இல்லை, வகைப்பாட்டில் இருக்கிறது. பயணிக்கு மழை ஒன்றே. தீவுக்கு மழை பல. மீன் உலர்த்துவோரின் மழை வேறு, கிணற்றின் மழை வேறு, கடலில் படகை இறக்கலாமா என்று முடிவு செய்வோரின் மழை வேறு. எந்த மழை எப்போது வரும், எத்தனை நாள் நிற்கும், அதன்பின் காற்று எத்திசைக்குத் திரும்பும் என்னும் அறிவைத் திவேகி மரபு ஒரு நாட்காட்டியாகவே கட்டிவைத்திருக்கிறது.

அதன் பெயர் நகைய். சூரியன் தங்கும் நாள்மீனைக் கொண்டு ஆண்டை இருபத்தேழு கூறுகளாகப் பகுப்பது அது. கூறு ஒன்றுக்குப் பதின்மூன்று அல்லது பதினான்கு நாள். மேலைப்பருவமான ஹுளங்குவுக்குப் பதினெட்டு, வடகிழக்குப் பருவமான இருவைக்கு ஒன்பது. பெயர்களைக் கேட்டால் தமிழ் மாணவர் எவரும் நிமிர்ந்து உட்காருவர்: அஸ்ஸித, புருனு, கெதி, ரோனு… அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி. பூசம் அங்கே ஃபுஸ். பகரம் ஃபகரமாவது திவேகியின் ஒலிமாற்ற விதி. கேரளத்தின் ஞாற்றுவேலை இதன் உடன்பிறப்பு. தமிழ்நாட்டில் இம்முறையின் எச்சமாகப் பொதுமக்கள் நாவில் இன்றும் நிற்பது ‘அக்கினி நட்சத்திரம்’ ஒன்றே. மே மாதத்தில் சூரியன் கார்த்திகையை ஒட்டிச் செல்லும் நாள்கள் சென்னைக்குக் கத்திரி வெயில். அதே நாள்மீனின் பெயரால் வழங்கும் கெதி, திவேகித் தீவுகளுக்குக் கருமேகம் திரளும் மழைக்காலத் தொடக்கம். ஒரே விண்மீன், ஓரிடத்தில் நெருப்பு, மற்றோரிடத்தில் நீர். பண்பாட்டுத் தொடர்பு பற்றிய பேருரைகளைவிட இச்சிறு வேறுபாடு கற்பிப்பது மிகுதி: சொல் பயணம் செய்யும், ஆனால் அது எந்த வானத்தின்கீழ் தங்குகிறதோ அந்த வானத்தின் பொருளையே ஏற்கும்.

இவ்விடத்தில் குற்றச்சாட்டின் முனை சுற்றுலாத் துறையினின்று கல்விப்புலத்தை நோக்கித் திரும்ப வேண்டியுள்ளது. மொழியியல் களப்பணியும் பெரும்பாலும் ஒரு கரையுலாவே. நுழைவு அனுமதி சில நாள்களுக்கு. 1967-ன் விதிகளின்படி தீவினர் அல்லாதார் அனைவருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். கப்பலில் இடம் கிடைப்பது அரிது. எனவே ஆய்வாளர் தம் சொற்பட்டியலோடு இறங்குகிறார். மோரிஸ் சுவாதேஷ் வகுத்த அடிப்படைச் சொற்பட்டியலில் ‘மழை’ ஒரு சொல், ‘நீர்’ ஒரு சொல். மழை என்பதற்கு எதிரே ‘வாரே’ என எழுதப்படும். நீர் என்பதற்கு எதிரே ‘ஃபென்’. கட்டங்கள் நிரம்பின. ‘வாரேஃபென்’, அதாவது மழைநீர், என்னும் கூட்டுச்சொல் பட்டியலில் இல்லாததால் கேட்கப்படுவதில்லை. எந்த நகையில் பெய்யும் வாரே கிணற்றை இனிப்பாக்கும், எதில் மீனை உலர்த்தக் கூடாது என்பவற்றுக்குக் கட்டமே இல்லை. ஒப்பியல் ஆய்வுக்கு அப்பட்டியல் பயன்படும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டியலோடு வந்தவர் ‘மொழியை ஆவணப்படுத்தினேன்’ என்று எழுதும்போது, கலங்கரை விளக்கத்தில் ஏறி இறங்கியவர் ‘மினிக்காயைப் பார்த்தேன்’ என்று எழுதுவதினின்று அது எவ்வளவு வேறுபடுகிறது?

மழையால் ‘களப்பணி நாள் இழப்பு’ என்று அறிக்கைகளில் எழுதும் வழக்கமும் உண்டு. வானம் வெளுத்த நாளில் தீவினர் கடலில் இருப்பர், ஆலையில் இருப்பர். மழை பிடித்த நாளில்தான் படகு கரையிலும் மனிதர் திண்ணையிலும் இருப்பர். பேச்சு நிகழ்வது அப்போது. வானத்தைப் பற்றிய பேச்சு நிகழ்வது பெரிதும் அப்போதே. ஒலிப்பதிவில் தகரக் கூரையின் இரைச்சல் விழும் என்பது உண்மை. ஒலியியல் அளவீட்டுக்கு அப்பதிவு உதவாது. சொல்லாய்வுக்கு உதவும்.

இவ்வறிவு வருங்காலத்திலும் யாரிடம் இருக்கும் என்னும் வினா இன்று வெறும் கல்விப்புல வினாவன்று. 2025 மே மாதம் லட்சத்தீவு நிர்வாகம் பள்ளிகளில் மூன்றாம் மொழியாக இருந்த அரபியையும் மஹலையும் நீக்கி இந்தியை வைக்க ஆணையிட்டது. ஜூன் மாதம் கேரள உயர்நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்தியது. மும்மொழிக் கொள்கை பற்றித் தமிழ்நாட்டில் நிகழும் விவாதத்தின் சாயலில் மட்டும் இதனைப் படிப்பது போதாது. தமிழுக்கு ஒரு மாநிலம் உண்டு, பல்கலைக்கழகங்கள் உண்டு, அச்சகங்கள் உண்டு. மலிக்குவின் மொழிக்கு இந்திய எல்லைக்குள் ஒரு தீவும் அதன் பள்ளிகளும்தான் உண்டு. வலமிருந்து இடமாக எழுதப்படும் தானா எழுத்து, உலக எழுத்துமுறைகளுள் விந்தையானது. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களின் வடிவிலிருந்து பிறந்தவை. எண்ணை எழுத்தாக்கிய ஒரு மரபைப் பள்ளிப் பாடவேளையினின்று ஓர் ஆணையால் அகற்ற முடிகிறது என்றால், அதற்கு முன்பே அம்மொழி ‘தீவின் அழகிய பின்னணி’ என்ற அளவில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். கரையுலாவில் வரவேற்புப் பாடலாகக் கேட்கும் மொழி, பயணியின் காதுக்கு இனிமையான ஒலி. அதில் கிணற்றைக் காக்கும் செய்தி இருக்கக்கூடும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை.

மழையைத் தடங்கலாகவும் மொழியை அலங்காரமாகவும் காணும் பார்வை ஒன்றே. அது தீவை மேற்பரப்பாகக் காண்கிறது: மேலே மணல், சுற்றிலும் நீலம், நடுவே தென்னை. அடியில் மிதக்கும் நன்னீர் வில்லை அப்படத்தில் தெரியாது. தெரியாததனாலேயே திட்டங்களிலும் பின்தள்ளப்படுகிறது. மினிக்காய், கட்மத், சுஹேலி ஆகிய தீவுகளில் நீர்மேல் குடில்கள் அமைக்கும் திட்டம் சில ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ரவீந்திரன் குழு தீவுகளின் தாங்குதிறனை முன்வைத்து ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டங்களை வலியுறுத்தியது. தாங்குதிறன் என்பது லட்சத்தீவில் முதன்மையாக நீரின் தாங்குதிறனே. இருக்கை எண்ணிக்கையோ அறை எண்ணிக்கையோ அதற்குப் பின்னர் வருவன. பகலில் வந்து மாலையில் செல்லும் கரையுலாப் பயணி ஒப்பீட்டளவில் குறைவாக நீர் அருந்துபவர். தம் குளியலைக் கப்பலில் முடித்துக்கொள்பவர். அவ்வகையில் கரையுலா, தங்கு விடுதியைவிடத் தீவுக்கு இலகுவான சுமை. இது கரையுலாவை ஆதரித்துச் சொல்லத்தக்க நேர்மையான வாதம்; விளம்பரங்களில் மட்டும் அது காணப்படுவதில்லை.

வருவாய் வேண்டாமா என்ற வினாவும் எழும். வேண்டும். தீவினர் பலர் சுற்றுலாவை வரவேற்கின்றனர். படகோட்டவும் வழிகாட்டவும் சமைக்கவும் கிடைக்கும் வேலை வேறு எளிதில் கிடைப்பதன்று. ஆனால் அதே அரசுக் கப்பல்கள்தாம் தீவினரை மருத்துவத்துக்கும் கல்விக்கும் கொச்சிக்குக் கொண்டுசெல்கின்றன. இருக்கைத் தட்டுப்பாடு அவர்களது நெடுநாள் முறையீடு. யாருக்காக எத்தனை இருக்கை என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் தீவினர் அமர்ந்தால், மழைநாளில் கரையிறங்குவோருக்கு என்ன காட்டுவது என்பதையும் அவர்களே தீர்மானிப்பர். அது வெளியார் எழுதும் பரிந்துரைகளைவிடச் சிறப்பாகவே இருக்கும்.

அதுவரை செய்யத்தக்கவை சில, அவையும் சிறியவை. கரையுலாப் பருவம் பொதுவாக அக்டோபரில் தொடங்கி மே வரை செல்கிறது. அதன் இரு முனைகளிலும் மழைக்கு வாய்ப்பு மிகுதி. எனவே மழைநாள் நிரல் ஒன்று முன்கூட்டியே இருப்பது ஆடம்பரமன்று. அதில் ஒரு கிணறு இருக்கட்டும். மழைக்கு முன்னும் பின்னும் அதன் நீரை நாவில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இருக்கட்டும். அன்றைய நகையின் பெயர் தானாவிலும் பயணியின் மொழியிலும் ஒரு பலகையில் இருக்கட்டும். அசுவினியும் பரணியும் அறிந்த இந்தியப் பயணிக்கு அது அயலாகத் தோன்றாது. வழிகாட்டியாக முதிய மீனவர் ஒருவர் அமர்த்தப்பட்டு அவருக்கு உரிய ஊதியம் தரப்படட்டும். அவர் திவேகியில் பேச, இளையவர் ஒருவர் மொழிபெயர்க்கட்டும். மொழிபெயர்க்க நேரமாகும், நிரல் பிந்தும். மழைநாளில் எப்படியும் நேரம் இருக்கிறது.

மொழியியல் துறைகளின் பங்குக்கு: அடுத்து மினிக்காய்க்குச் செல்லும் ஆய்வு மாணவரின் வினாநிரலில் ‘மழை’ என்னும் ஒற்றைக் கட்டத்தின் கீழ் இருபத்தேழு வரிகள் சேர்க்கப்படட்டும். ஒவ்வொரு நகைக்கும் எதிரே காற்று, கடல், மீன், கிணறு என நான்கு பத்திகள். நூற்றெட்டுக் கட்டங்களும் ஒரே பயணத்தில் நிரம்பா. ஆண்டின் இருபத்தேழு கூறுகளில் ஒன்றிரண்டே ஒரு பயணத்தில் அகப்படும். அனுமதிச் சீட்டு பதினைந்து நாளுக்கு எனில், அந்தப் பதினைந்து நாளின் வானத்தை மட்டும் எழுதித் திரும்பலாம். மீதியை நிரப்ப, தீவுப் பள்ளியின் மஹல் ஆசிரியரும் அவர்தம் மாணவரும் இருக்கின்றனர். பாடவேளை அவர்களுக்கு எஞ்சியிருக்குமாயின்.